இரண்டு பேர், இரண்டு பை, சிட்னியில் ஒரு வார இறுதி

சிட்னியைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, வெள்ளிக்கிழமை போய் இறங்குங்கள் என்பதுதான். அங்கே அரசுப் போக்குவரத்தில் ஒருவரிடம் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வாங்குவதில்லை என்று ஓர் உச்சவரம்பு உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் அது மற்ற நாட்களின் தொகையில் பாதி. நாங்கள் போனபோது தலைக்கு 10 டாலருக்கும் குறைவாக இருந்தது. ரயில், மெட்ரோ, பேருந்து, டிராம், படகு எல்லாம் அதற்குள் அடக்கம். மேன்லி கடற்கரைக்கு அரை மணி நேரம் போகிற பெரிய படகும் சேர்த்தி. வழக்கமாக ஜூலையில் கட்டணத்தைத் திருத்துவார்கள், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் என் கணவரும் கான்பராவில் இருக்கிறோம். சிட்னி எங்களுக்கு மூன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ரொம்ப நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் பயம். சிட்னி என்றாலே தெரிந்தவர்கள் எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் பேசினார்கள். ஓர் இரவு ஓட்டல் அறைக்கு இவ்வளவு, ஹார்பர் பாலத்தின் வளைவு மேல் ஏறுவதற்கு ஆளுக்குச் சில நூறு டாலர், துறைமுகத்தில் உல்லாசப் படகுக்கு அவ்வளவு என்று. போய் வந்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது வேறு. அந்த ஊரின் மிக அழகான இடங்கள் எல்லாம் பொதுச் சொத்து. கடலோரம், பாலம், பூங்கா எதற்கும் கதவு கிடையாது, டிக்கெட் கிடையாது. பணம் தேவைப்படுவது தூங்குவதற்கும் சாப்பிடுவதற்கும்தான். அந்த இரண்டையும் சரியாகத் திட்டமிட்டால் போதும்.

கிளம்பும் முன் நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். மொத்தச் செலவுக்கு ஒரு தொகை, அதை இருவரும் சேர்ந்து பார்த்துப் பார்த்துச் செலவழிப்பது. ஆனால் ஆளுக்கு ஒரு செலவு மட்டும் தனி. அது எதற்கு, ஏன் என்று மற்றவர் கேட்கக் கூடாது. தம்பதியாகச் சிக்கனப் பயணம் போகிறவர்களுக்கு இதை மனதார சிபாரிசு செய்கிறேன். ஒவ்வொரு காபிக்கும் "இது தேவையா?" என்று ஒருவர் கேட்டு, மற்றவர் முகம் வாடி, அந்த மதியமே வீணாகிப் போவதை நாங்கள் முந்தைய பயணங்களில் பார்த்திருக்கிறோம். ஆசைப்பட்டது ஒன்று உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் மற்றதை விட்டுக்கொடுப்பது கஷ்டமாகவே இல்லை.

போக்குவரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஓப்பல் என்ற பயண அட்டை வாங்க வேண்டும் என்பதில்லை, தட்டிப் பணம் கட்டும் வங்கி அட்டையோ போனோ போதும். ஆனால் ஒரே அட்டையில் இருவர் தட்ட முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். காலையில் எதைத் தட்டினீர்களோ அதையே இரவு வரை தட்டுங்கள். ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் பிளாஸ்டிக் அட்டையும் போனும் அவர்களுக்கு இரண்டு வெவ்வேறு பயணிகள், உச்சவரம்பும் தனித்தனியாக ஓடும். இறங்கும்போதும் தட்ட வேண்டும், குறிப்பாக டிராமில். அங்கே கதவோ தடுப்போ இல்லாததால் பேச்சு சுவாரசியத்தில் அப்படியே நடந்துவிடத் தோன்றும், அப்படிப் போனால் அதிகபட்சக் கட்டணம் விழும்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். விமான நிலைய ரயில் நிலையங்களில் வழக்கமான கட்டணத்தோடு நுழைவுக் கட்டணம் என்று தனியாக ஒன்று பிடிப்பார்கள். அது உச்சவரம்புக்குள் வராது, இருவருக்குச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாட்டை விட அதிகம். விமான நிலையத்திலிருந்து 420 எண் பேருந்தில் மாஸ்காட் நிலையம் போய் அங்கே ரயில் ஏறினால் அந்தக் கட்டணம் கிடையாது. கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான்.

இனி தங்குமிடம். இதில்தான் தம்பதிகள் நின்று கணக்குப் போட வேண்டும். பேக்பேக்கர் விடுதி என்றால் மலிவு என்பது தனியாகப் போகிறவருக்குச் சரி. இருவர் என்றால் பொது அறையில் இரண்டு படுக்கைக்குப் பணம் கட்டுகிறோம். வார இறுதியில் அந்தத் தொகை அதே விடுதியின் தனி அறையை நெருங்கிவிடும், குளியலறை மட்டும் பொதுவாக இருக்கும் அறையைச் சொல்கிறேன். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் பார்த்த விடுதியில் வித்தியாசம் சொற்பம்தான். ஆகவே வெள்ளி இரவு பொது அறை, சனி இரவு தனி அறை என்று பதிவு செய்தோம். வெள்ளிக்கிழமை ராத்திரி வரை வெளியே இருக்கப் போகிறோம், படுத்தால் போதும். சனிக்கிழமை நாள் முழுக்க நடை, கால் வலிக்கும் இரவுக்குத் தனி அறை. ஒரே விடுதிக்குள் அறை மாறியதால் பைகளை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

சென்ட்ரல் பக்கம் தங்கியதில் எனக்குப் பெரிய திருப்தி. கான்பரா பேருந்து அங்கேதான் நிற்கிறது, எல்லா ரயிலும் அங்கே வருகிறது, சைனா டவுன் நடக்கும் தூரம். பத்து டாலர் குறைகிறது என்று எங்கோ தள்ளித் தங்கினால் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் போய்விடும். பாலமும் ஓபரா ஹவுஸும் தெரியும் மொட்டை மாடியோடு தி ராக்ஸ் பகுதியில் ஒரு ஒய்எச்ஏ விடுதி இருக்கிறது, பழைய சிட்னியின் தொல்லியல் அகழ்வுக்கு மேலேயே தூண் எழுப்பிக் கட்டியது. விலை கூடுதல் என்பதால் நாங்கள் எடுக்கவில்லை. ஒரு நாள் தங்க ஆசை இருக்கிறது.

பொது அறையில் முன்பின் தங்காதவர்களுக்கு: காதடைப்பான், சொந்தப் பூட்டு, ரப்பர் செருப்பு, சீக்கிரம் காயும் துண்டு, இந்த நான்கும் கட்டாயம். மறுநாள் உடையைப் படுக்கும் முன்பே எடுத்து மேலே வையுங்கள், விடியற்காலையில் பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் போல அடுத்தவர் தூக்கத்தைக் கெடுப்பது எதுவும் இல்லை. பெண்களுக்கு மட்டுமான அறைகள் பல விடுதிகளில் உண்டு, ஆணும் பெண்ணும் கலந்த அறையில் சங்கடமாக இருந்தால் தயங்காமல் கேட்கலாம். எனக்கும் முதலில் ஒரு கூச்சம் இருந்தது. கீழ்ப் படுக்கை எனக்கு, அதற்கு மேலே அவர் என்று அமைந்ததும் சரியாகிவிட்டது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை விடுதிச் சமையலறைதான் எங்களைக் காப்பாற்றியது. வீட்டிலிருந்து பருப்புப் பொடி, ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெய், கொஞ்சம் அரிசி, ஊறுகாய் கொண்டுபோனோம். (இந்தியாவிலிருந்து நேராக விமானத்தில் வருகிறவர்கள் உணவுப் பொருள் எதுவானாலும் வருகை அட்டையில் எழுதிவிடுங்கள். எழுதாமல் கொண்டுவந்தால் அபராதம் கடுமையாக இருக்கும்.) ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் உப்பு, எண்ணெய், பாஸ்தாவுக்கென்று சமையலறையில் ஓர் அலமாரி இருந்தது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வூல்வொர்த்ஸ், கோல்ஸ் கடைகளில் மாலைக்கு மேல் போனால் அன்றோ மறுநாளோ தேதி முடியும் ரொட்டி, தயிர், பழத் துண்டுகளில் விலை குறைத்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். காலைச் சாப்பாடும் மதியத்துக்கான சாண்ட்விச்சும் அதிலேயே முடிந்தது. குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், கடற்கரைகளில் பாட்டில் நிரப்பக் குழாய்கள் உண்டு. வெளியே உட்கார்ந்து சாப்பிடுவதானால் மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை சில இடங்களில் பில்லில் 10 சதவீதம் கூட்டுவார்கள், அட்டையில் கட்டினால் அதற்கும் கொஞ்சம். டிப்ஸ் கொடுக்கும் கட்டாயம் அங்கே இல்லை.

வெள்ளி மதியம் பையை விடுதியில் போட்டுவிட்டு, படகுகள் கிளம்பும் துறையான சர்குலர் கீ போனோம். ரயில் நிலைய மேடையிலேயே துறைமுகம் முழுக்கத் தெரிகிறது. ஓபரா ஹவுஸின் படிகளில் ஏறி, ஓடுகளைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நிற்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரிவது பக்கத்தில் வெள்ளையும் இளமஞ்சளுமாக இருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள். டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன் வடிவமைத்தது, கருத்து வேறுபாட்டில் 1966-ல் அவர் விலகிப் போனார், 1973-ல் திறந்த கட்டடத்தைக் கடைசி வரை நேரில் பார்க்கவே இல்லை. 70 லட்சம் டாலரில் முடியும் என்று ஆரம்பித்தது 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. அதில் பெரும்பகுதி அரசு நடத்திய லாட்டரியில் வந்த பணம். டிக்கெட் வாங்கிய சாதாரண ஜனங்களின் காசில் எழும்பிய கட்டடம் என்று தெரிந்த பிறகு அந்தப் படியில் உட்கார்ந்து வீட்டுச் சாண்ட்விச் சாப்பிட எனக்கு முழு உரிமை இருப்பதாகத் தோன்றியது.

அதை ஒட்டியே 1816-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. புல்லில் நடக்காதே என்ற பலகைகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, தயவுசெய்து புல்லில் நடங்கள் என்று வரவேற்கும் பலகை அவ்வளவு பிடித்தது. பூங்காவைத் தாண்டி முனையில் மிசஸ் மக்குவாரி இருக்கை. 1810-ல் ஆளுநர் மனைவிக்காகக் கைதிகள் பாறையில் குடைந்தது. பாலமும் ஓபரா ஹவுஸும் சேர்ந்து ஒரே படத்தில் வருவது அங்கிருந்துதான்.

மாலையில் பாலம். தி ராக்ஸில் கம்பர்லேண்ட் தெருப் படிக்கட்டில் ஏறினால் கிழக்குப் பக்க நடைபாதை, கட்டணம் இல்லை. போகும் வழியில் என் கணவரின் தனிச் செலவு காத்திருந்தது: தென்கிழக்குத் தூணுக்குள் இருக்கும் பார்வை மாடம். வளைவு மேல் ஏறும் கட்டணத்தில் சிறு பகுதிதான் அதற்கு. ஏறத்தாழ 200 படிகள். அவர் கட்டுமானத் துறையில் வேலை செய்கிறவர், அங்கே சின்னப் பையனாகிவிட்டார். "இந்தக் கல் தூண் எதையும் தாங்கலைம்மா, அழகுக்காகக் கட்டியது. பாரம் முழுக்க அடியில இருக்கிற கீல்லதான் இறங்குது" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. 503 மீட்டர் நீள வளைவு, 60 லட்சம் ஆணிகள், 1932 மார்ச்சில் திறப்பு, வேலையில் இறந்த 16 பேர். நானும் நிறுத்தச் சொல்லவில்லை. கேள்வி கேட்காத செலவு என்பதற்கு அர்த்தம் அங்கேதான் புரிந்தது. அவர் சந்தோஷத்தைப் பார்ப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. மறுகரையில் மில்சன்ஸ் பாயிண்டில் இறங்கி ரயிலில் திரும்பினோம்.

சனிக்கிழமை பாண்டையிலிருந்து கூஜி வரை, பாறை விளிம்பை ஒட்டிய ஆறு கிலோமீட்டர் நடை. சிட்னியில் ஒரே ஒரு காரியம் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். காலை எட்டு மணிக்கு முன் தொடங்குவது முக்கியம். மார்ச் மாத வெயில்தானே என்று நினைக்காதீர்கள், அங்கே குளிர்ந்த காற்று வீசும்போதே தோல் வெந்துவிடும். நம் நிறத்துக்குத் தேவையில்லை என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். எஸ்பிஎஃப் 50 களிம்பு, தொப்பி, நீளக் கைச் சட்டை மூன்றும் வேண்டும். பாண்டையில் அலை கண்ணுக்கு அழகு, காலுக்கு ஆபத்து. சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள், உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கும் இடம் அதுதான். உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல் மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும். நம் ஊரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் நீச்சல் தெரியாமல் இறங்கிவிடுகிறார்கள் என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு, அதனால்தான் இதை விரித்துச் சொல்கிறேன்.

டமராமா, பிரான்ட்டி (Bronte) என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கடற்கரை. பிரான்ட்டியில் பாறையை ஒட்டிய கடல்நீர்க் குளம் இலவசம். அப்புறம் கடலைப் பார்த்தபடி வேவர்லி கல்லறைத் தோட்டம், 1877-லிருந்து இருப்பது. நகரத்தின் மிக விலையுயர்ந்த காட்சி இறந்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறது, அதை எந்தக் கட்டடத்துக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது நல்ல விஷயம் என்றே நினைக்கிறேன். கிளவெலி வந்ததும் நீச்சல் தெரியாத என் கணவரும் தண்ணீரில் இறங்கினார். இரு பக்கமும் சிமெண்ட் மேடை கட்டிய ஒடுங்கிய கடல்வாய் அது, கடல் அமைதியாக இருக்கும் நாளில் குளம்தான். ஓரத்தில் நின்றபடி நீச்சல் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தவர் "நீலமா ஒரு பெரிய மீன்!" என்று எழுந்தார். புளூ குரோப்பர், நியூ சவுத் வேல்ஸின் மாநில மீன்.

கூஜியில் என் தனிச் செலவு. மெக்கைவர்ஸ் மகளிர் கடல் குளம் என்று ஒன்று இருக்கிறது. பாறைச் சரிவுக்குக் கீழே, மேலிருந்து எளிதில் தெரியாத இடத்தில், பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மட்டும். நூறு வருடங்களுக்கு மேலாகப் பெண்கள் புழங்கும் இடம், 1922-லிருந்து பெண்கள் நீச்சல் சங்கம் ஒன்று கவனித்துக்கொள்கிறது. கட்டணம் சில டாலர்தான். பணத்தால் அது பெரிய செலவில்லை, நேரத்தால் பெரியது. இரண்டு மணி நேரம் அவர் மேலே புல்வெளியில் காத்திருக்க வேண்டும் என்பதே நான் கேட்டது. தலையில் முக்காடிட்ட பெண்கள், எண்பது வயதைத் தாண்டியிருக்கக்கூடிய பாட்டிகள், கல்லூரிப் பெண்கள் எல்லோரும் ஒரே பாறையில் காய்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. என்ன உடை, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு இல்லாமல் கடல் தண்ணீரில் மிதந்தது என் வாழ்க்கையில் அன்றுதான். நீச்சல் உடையில் கூச்சப்படும் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் நான் அந்த இடத்தைத்தான் முதலில் சொல்வேன்.

அன்று மாலை மேன்லி படகு. வலப்பக்கம் வெளியில் நின்றால் போகும்போது ஓபரா ஹவுஸ் கை எட்டும் தூரத்தில் கடந்து போகும். துறைமுகத்தின் வாயருகே பெருங்கடல் அலை உள்ளே வரும் இடத்தில் படகு நன்றாக ஆடும், பிடித்துக்கொள்ளுங்கள். அரசுப் படகில்தான் ஏற வேண்டும், பக்கத்தில் கிளம்பும் தனியார் வேகப் படகுக்குக் கட்டணம் தனி. மேன்லியில் ஒரு பொட்டலம் சூடான சிப்ஸ் மட்டும் வாங்கினோம். இருட்டிய பிறகு திரும்பினோம், விளக்குகளோடு நகரம் முழுவதும் எதிரே வரும். உல்லாசப் படகுக்குக் கொடுக்க வேண்டிய பணம் மிச்சம்.

ஞாயிறு காலை அறையைக் காலி செய்து, பைகளை விடுதியிலேயே வைத்துவிட்டு ஹைட் பார்க் பேரக்ஸ் போனோம். 1819-ல் கைதிகளே தங்களுக்குக் கட்டிய தங்குமிடம், இப்போது உலகப் பாரம்பரியச் சின்னம், அனுமதி இலவசம். வடிவமைத்த பிரான்சிஸ் கிரீன்வேயும் ஒரு கைதிதான். வரிசையாகத் தொங்கும் தூளிகளில் நூற்றுக்கணக்கானோர் படுத்த அறையைப் பார்த்தபின் எங்கள் பொது அறை மாளிகையாகத் தெரிந்தது.

அதன் பிறகு பரமட்டா ஆற்றுப் படகு. இதைச் சுற்றுலாப் பயணிகள் பலர் விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். சர்குலர் கீயிலிருந்து பாலத்தின் அடியில் புகுந்து, காக்காட்டூ தீவைக் கடந்து, ஒன்றரை மணி நேரம் ஆற்றின் மேல்நோக்கிப் போகிறது. போகப் போக ஆறு ஒடுங்கி, இரு கரையிலும் அலையாத்திக் காடு வந்து நெருங்குகிறது, பிச்சாவரத்துக்குள் நுழைந்தது போல. ஞாயிறு கூட்டம் அதிகம், முன்னதாகப் போய் வரிசையில் நில்லுங்கள். ஆற்றில் தண்ணீர் வற்றிய நேரமானால் படகு ரைடல்மியரோடு நின்றுவிடும், அங்கிருந்து பேருந்தில் கொண்டுவிடுவார்கள்.

பரமட்டாவில் இறங்கியவர்களுக்கு நடக்கும் தூரத்தில் ஹாரிஸ் பார்க், விக்ரம் (Wigram) தெரு முழுக்க இந்திய உணவகங்கள். நாங்கள் இன்னும் மூன்று ரயில் நிலையம் தள்ளி பெண்டில் ஹில் போனோம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் 1983-க்குப் பிறகு வந்து குடியேறிய ஈழத் தமிழர்கள் நிறைய. இடியாப்பம், சொதி, கொத்து ரொட்டி என்று வயிறு நிறையச் சாப்பிட்டோம், நகர மையத்தில் ஒரு காபிக் கடைச் சாப்பாட்டுக்குக் கேட்பதை விடக் குறைவாகவே ஆயிற்று. கடைக்கார அக்கா "எங்கேயிருந்து வாறியள்?" என்று கேட்டு, பேருந்தில் சாப்பிடச் சொல்லி இரண்டு ரோல்ஸைக் கையில் வைத்தார், காசு வாங்கவில்லை.

திரும்பும் ரயிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வார இறுதிகளில் பாதைப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவது சிட்னியில் சாதாரணம். முந்தின இரவே ட்ரிப்வியூ செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் பேருந்துக்கு முன்பதிவு செய்யும்போதே ஒரு மணி நேரம் கூடுதலாக விட்டு வைப்பது நல்லது.

ஆற்றுப் படகுக்குப் பதிலாக ஞாயிறன்று மலைக்கும் போகலாம். சென்ட்ரலிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கட்டூம்பா, நீல மலைத்தொடரின் நடுவில். த்ரீ சிஸ்டர்ஸ் பாறைகளைப் பார்க்கும் எக்கோ பாயிண்ட் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், பார்க்கக் கட்டணம் இல்லை, ரயில் அதே உச்சவரம்புக்குள். நாங்கள் அதை ஒரே நாளில் அடைக்க விரும்பவில்லை. இந்தப் பயணத்தில் மிஞ்சிய பணத்தைக் கட்டூம்பாவில் ஓர் இரவுக்கென்று எடுத்து வைத்திருக்கிறோம்.